நாகக்கோல் உதிர்த்த திருநீறு

போன வெள்ளிக்கிழமை சன்னாசி பயபக்தியோடு நெற்றியில் பூசிக்கொண்ட திருநீறு, இந்த வெள்ளிக்கிழமை ஈப்போவுக்குப் பக்கத்து லகாட்டில் அவன் வேலை செய்யும் நாற்காலித் தொழிற்சாலையின் பின்பக்கத்தில், கழித்துப் போட்ட பலகைகளுக்கு அடியில், குவியல் குவியலாகக் கிடந்தது.

அதே நிறம், அதே நைசு. விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான். மாவு மாதிரி வழுக்கியது.

"மண்டோர், இது என்னா?"

தொழிற்சாலை மேற்பார்வையாளர், மண்டோர் ஆ சொங், முப்பது வருடமாக மரத்தோடு குடும்பம் நடத்துகிறவர். தோட்டத்தில் வளர்ந்தவர் என்பதால் தமிழும் வரும், மலாயும் வரும். ஒரு பலகையைத் தூக்கி ஒரு தட்டுத் தட்டினார். ஊசிமுனை அளவு ஓட்டைகளிலிருந்து பொடி பொலபொலவென்று கொட்டியது.

"புபுக் லா. சின்ன வண்டு. ரப்பர் மரம் இனிப்பு இல்லையா, உள்ளே பூந்து திங்கும். அஞ்சு ஆறு மாசம் ஒண்ணுமே தெரியாது. வெளிய வரும்போது இப்பிடித் தள்ளிக்கிட்டு வரும். அது தின்ன மிச்சமும் பீயும் லா இது."

சன்னாசியின் கை தானாக நெற்றிக்குப் போனது.

கதையை நடுவில் பிடித்தவர்களுக்கு இங்கே நாலு வார்த்தை. மற்றவர்கள் அடுப்பில் வைத்த பாலைப் பார்த்துவிட்டு வரலாம்.

போன தீபாவளிக்கு ஈப்போ டவுனில் ஒரு மாயாஜாலப் படம் ஓடியது. அதில் வில்லன் மந்திரவாதி கையில் பாம்புத் தலை வைத்த ஒரு மந்திரக்கோல். படம் முழுக்க அந்தக் கோலை வைத்துக்கொண்டு அவன் செய்த ஒரே நல்ல காரியம், கடைசியில் அதைக் கீழே போட்டதுதான். ஆனால் சன்னாசிக்கு அந்தக் கோல் கண்ணிலேயே நின்றுவிட்டது. நாற்காலிக் கால் செதுக்குகிறவன் அவன். நாலு தடவை படம் பார்த்து, தொழிற்சாலையின் ரப்பர்க் கட்டை ஒன்றை எடுத்து, அம்மா தோட்டத்தில் பால்மரம் சீவிய கத்தியின் வளைந்த முனையால் செதில் செதிலாகக் கீறி, அதே மாதிரி ஒரு கோலைச் செய்துவிட்டான்.

சிம்பாங் பூலாயில் இருக்கும் அவனுடைய அக்கா ராக்காயி அதைப் பார்த்தாள். மூன்று பிள்ளைகள் வயிற்றிலேயே தவறிப்போனவள். "இது நாகம்டா தம்பி, எனக்குக் குடு" என்று வாங்கிக்கொண்டு போய்ச் சாமிப் படங்களுக்கு நடுவில் நிறுத்தி மஞ்சள் பூசினாள். அடுத்த மாதமே முழுகாமல் ஆனாள். இப்போது ஐந்து முடிந்து ஆறு. இருபத்து மூன்று நாளுக்கு முன்னால் கோலின் தலையிலிருந்து திருநீறு கொட்ட ஆரம்பித்தது. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த வீட்டில் கூட்டம்.

அவ்வளவுதான் கதை. பொடி எங்கிருந்து வந்தது என்று இன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது.

"நான் செஞ்ச பாம்புத் தலைக் கோலை மருந்துத் தொட்டியில முக்கி எடுத்தேனே மண்டோர். பூச்சி வரக்கூடாதுன்னுதானே முக்குறோம்?"

"எவ்வளவு நேரம் முக்கினே?"

"சாப்பாட்டு நேரத்துல. அரை மணி இருக்கும்."

ஆ சொங் சிரித்தார். "பலகையே நாள் கணக்கா ஊறணும். நீ கட்டையா ஒரு தலையை அரை மணி முக்கியிருக்கே. தோலுக்குத்தான் மருந்து. உள்ளே வண்டுக்கு ஹரி ராயா விருந்து."

சன்னாசி சிரிக்கவில்லை. "அந்தப் பொடியை வாயில போட்டா என்ன ஆகும்?"

மண்டோரின் சிரிப்பு நின்றது. தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த இரும்பு டிரம்மைக் காட்டினார். மண்டை ஓடும் எலும்பும் போட்டு, கீழே 'ராச்சுன்' என்று பெரிதாக எழுதியிருந்தது. விஷம் என்று அர்த்தம். தினமும் அந்த டிரம்மின் மேல்தான் சன்னாசி சாப்பாட்டுப் பையை வைப்பான்.

"போன வருஷம் தொட்டி வேலையில நின்னானே ஒருத்தன். ஈரக் கையோட பீடி குடிச்சான். வேர்த்து வேர்த்து ஊத்துச்சு. உடம்பு கொதிச்சுப் போயி தூக்கிக்கிட்டு ஓடினோம், மறந்துட்டியா? யாரு வாயில போட்டா?"

"பொடி மட்டும் இல்ல மண்டோர். கோலு மேல பாலை ஊத்தி, அந்தப் பாலையும் குடிக்கிறாங்க."

"யாரு?"

"எங்க அக்கா. மாசமா இருக்கு."

ஆ சொங் கையிலிருந்த பலகையைக் கீழே போட்டார். பிறகு, "போ. உன் நேரக் கார்டை நான் தட்டிக்கிறேன்" என்றார்.

*

நவமணி அதே தொழிற்சாலையில் உப்புத்தாள் தேய்க்கிற பகுதியில் வேலை செய்கிறாள். சன்னாசியின் மனைவி. மூக்கில் கட்டிய துணியை இறக்காமலே அவன் சொன்னதை முழுதும் கேட்டாள்.

"போன வாரம் நீங்க போனப்போ அண்ணி எப்பிடி இருந்தாங்க?"

"வேர்வை ஊத்துச்சு. காத்தாடிக்குக் கீழ உக்காந்தும் ஊத்துச்சு. மச்சான் சாமி எறங்குதுன்னாரு."

நவமணி துணியை அவிழ்த்தாள். "கெளம்புங்க. போலாம்."

"நீயுமா?"

அவன் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால் ராக்காயிக்கு மூன்றாவது தவறியபோது, பார்க்கப் போன நவமணியை வாசலிலேயே நிறுத்தினாள் ராக்காயி. "ரெண்டு பெத்தவ கண்ணு. உள்ள வராதே" என்றாள். அதற்குப் பிறகு நவமணி சிம்பாங் பூலாய் பக்கமே போனதில்லை. தீபாவளிக்குப் பலகாரம் போகும், பாத்திரம் திரும்பி வரும், அதோடு சரி.

"நீங்க தனியாப் போயி அக்கா முன்னால நின்னா வாயைத் திறப்பீங்களா? எனக்குத் தெரியாதா உங்களை?" என்றாள் நவமணி. "திட்டுனா என்னையே திட்டட்டும். எனக்குப் பழக்கந்தான்."

"நாம போயிச் சொல்லி, அதுக்கப்புறம் ஏதாவது ஆயிடுச்சுன்னா? சாமியைப் பழிச்சதால போச்சுன்னு காலத்துக்கும் சொல்லுவாங்களே."

"சொல்லுவாங்கதான். அதுக்காகச் சும்மா இருக்கிறதா? மோட்டார் சைக்கிளை எடுங்க."

சன்னாசி நல்லவன், கையில் தொழில் உள்ளவன். தைரியம் மட்டும் கல்யாணத்தோடு வீட்டுக்கு வந்தது.

*

ராக்காயி வீட்டு வாசலில் சுண்ணாம்புத் தூசி படிந்த லோரி நின்றது. கல்மலையிலிருந்து கல் ஏற்றுகிறவன் அவள் கணவன் பத்துமலை. இந்த நேரத்தில் லோரி வீட்டில் நிற்கிறது என்றால் வெள்ளிக்கிழமைக்காக அரை நாள் விடுப்பு எடுத்திருக்கிறான் என்று அர்த்தம்.

கூடத்தில் பதினைந்து பெண்களாவது இருந்தார்கள். நடுவில், பித்தளைத் தட்டில், மஞ்சளும் குங்குமமுமாகப் பாம்புத் தலைக் கோல். கீழே விரித்த வெற்றிலையில் புதிதாகக் கொட்டிய பொடி. தட்டுக்கு முன்னால் ராக்காயி. முகம் வெளுத்து, ரவிக்கை முதுகில் ஒட்டும் அளவுக்கு வேர்வை. ஒரு வாரத்தில் ஒரு சுற்று இளைத்திருந்தாள்.

அவளுக்குப் பக்கத்தில் பின்வீட்டு வீரம்மா, காய்ச்சலில் துவண்ட தன் மூன்று வயது மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நவமணி வாசல்படியில் நின்றதும் பேச்சு அடங்கியது. ராக்காயி அவளைப் பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

பத்துமலைதான் எழுந்து வந்தான். தலைக்குக் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறையப் பூசியிருந்தான். ஒரு காலத்தில் சம்சுச் சாராயம் குடித்துவிட்டு இதே வாசல்படியில் உருண்டவன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

"வா தங்கச்சி. இன்னைக்காச்சும் வந்தியே. உள்ள வா. சன்னாசி, நீ செஞ்ச கோலு, நீயே வந்து பாலை ஊத்து."

பால் செம்பை அவன் கையில் கொடுத்துவிட்டான்.

சன்னாசி செம்போடு நின்றான். அதைக் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தான். பெண்கள் குலவையிட்டார்கள். நவமணி சொன்னது சரிதான், அவனால் வாயைத் திறக்க முடியவில்லை.

"அண்ணி" என்றாள் நவமணி. "ஒரு நிமிஷம் குசினிக்கு வாங்க."

"பூசை நேரத்துலயா?" என்றாள் யாரோ ஒருத்தி.

"ஆமா. இப்பவேதான்."

ராக்காயி தரையில் கையூன்றி மெதுவாக எழுந்தாள். செம்பைப் பத்துமலையிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சன்னாசியும் பின்னாலேயே போனான்.

சமையற்கட்டுக் கதவைச் சாத்தியதும் அவனுக்கு வாய் வந்தது. "அக்கா, கோவிச்சுக்காதே. அது திருநீறு இல்ல. புபுக். மரத்தை வண்டு திங்குது, அதோட பொடி அது."

"மெதுவாப் பேசு."

"நான் சொல்றது வெளங்குதா?"

"தெரியும்" என்றாள் ராக்காயி.

சன்னாசி நவமணியைப் பார்த்தான். நவமணி ராக்காயியைப் பார்த்தாள்.

"தோட்டத்துல பொறந்து வளர்ந்தவளுக்குப் புபுக் தெரியாதா? நம்ம லயத்து வீட்டுக் கட்டில் காலுல கொட்டாத பொடியா? மொத நாளே தெரிஞ்சிச்சு."

"அப்புறம் ஏங்க்கா?"

ராக்காயி தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்தத் தடவை மாசமா இருக்கேன்னு சொன்னப்போ அவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'இதுவும் தங்காது, ஆசைப்படாதே'ன்னாரு. சொல்லிட்டுக் குடிக்கப் போயிட்டாரு. நாலு மாசம் என் மொகத்தையே பாக்கல. அந்தப் பொடி கொட்டுன அன்னைக்கு அவருதான் மொதல்ல பாத்தாரு. 'ராக்கு, சாமி வந்திருச்சு'ன்னு என் காலைப் புடிச்சிக்கிட்டு அழுதாரு. அன்னைக்கோட சம்சு நின்னுச்சு. வேலை விட்டு நேரா வீட்டுக்கு வர்றாரு. வயித்துல கை வெச்சுப் பாக்குறாரு. நான் எப்பிடிடா அது வண்டுன்னு சொல்லுவேன்?"

நவமணிக்குக் கோபம் போய்விட்டது. இரண்டு வருடமாகப் பொத்தி வைத்திருந்த கோபம், அது போன இடம் தெரியவில்லை.

"பொடி தின்னா என்ன, மரத்தூள்தானே? யாரு செத்தா?" என்றாள் ராக்காயி.

சன்னாசி தரையில் உட்கார்ந்தான். "வெறும் மரத்தூள் இல்லக்கா. நான் அதைத் தொழிற்சாலை மருந்துல முக்கினேன். ராச்சுன். பூச்சி வரக்கூடாதுன்னு முக்கினேன். நீ அது மேல பாலை ஊத்திக் குடிக்கிறே. உனக்கு வேர்க்குதே, அது சாமி இல்ல."

ராக்காயியின் இரண்டு கையும் வயிற்றுக்குப் போயின. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நீ அப்பவே ஏன்டா சொல்லல?"

"நீ வாயில போடுவேன்னு எனக்கு அப்பத் தெரியாதுக்கா. சாமி மேடையில வெப்பேன்னுதானே சொன்னே."

செய்தவன் தான் என்பது அப்போதுதான் சன்னாசிக்கு முழுதாக உறைத்தது. ஒவ்வொரு செதிலையும் அவன் எவ்வளவு ஆசையோடு கீறினான். தன் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது அவனுக்கு.

கூடத்தில் மணி அடித்தது. நவமணி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "அண்ணி, அண்ணன் பாலை ஊத்திட்டாரு. வீரம்மா புள்ளைக்குக் குடுக்கப் போறாங்க."

"போன வாரமும் அந்தப் புள்ளைக்கு நாந்தான் குடுத்தேன்" என்றாள் ராக்காயி. எழுந்துவிட்டாள்.

"நான் சொல்றேன் அண்ணி. என் மேலேயே போட்டுடுங்க. நவமணி வந்து கெடுத்தான்னு இருக்கட்டும்."

"வேணாம்" என்றாள் ராக்காயி.

*

வீரம்மா மகளின் வாயைத் திறந்து பிடித்திருந்தாள். பத்துமலை கரண்டியில் பாலை எடுத்திருந்தான். ராக்காயி அந்தக் கரண்டியைத் தட்டிவிட்டாள். பால் தரையில் சிதறியது.

"யாரும் வாயில போடாதீங்க. போட்டவங்க எல்லாரும் டாக்டரைப் போயிப் பாருங்க. இது உளுத்த மரத்துப் பொடி. மரத்துல மருந்து இருக்கு."

"ராக்கு, என்ன பேசுறே?" பத்துமலை நவமணியைத் திரும்பிப் பார்த்தான். "தங்கச்சி, உள்ள கூட்டிட்டுப் போயி என்ன சொன்னே?"

"அவ ஒண்ணும் சொல்லல. திருநீறு இல்லேன்னு எனக்கு மொத நாளே தெரியும். மருந்து இருக்குன்னு மட்டுந்தான் இப்ப தெரிஞ்சிச்சு."

கூடத்தில் ஒருத்தி எழுந்தாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி. செருப்புகளைத் தேடிப் பிடித்துக்கொண்டு கலைந்தார்கள். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா" என்று ஒருத்தி முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது.

பத்துமலை தட்டுக்கு முன்னால் நின்றபடியே இருந்தான். கோலைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். ஓங்கி அடித்திருந்தால்கூடத் தேவலை என்று ராக்காயிக்குத் தோன்றியது. அவன் ஆணியில் மாட்டியிருந்த லோரிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

"மச்சான், ஆஸ்பத்திரிக்கு..." என்று ஆரம்பித்தான் சன்னாசி.

வெளியே லோரி உறுமியது.

அவன் தங்களுக்காக வண்டியை எடுக்கிறானா, தங்களை விட்டுவிட்டுப் போகிறானா என்று யாருக்கும் தெரியவில்லை. நவமணி யோசித்துக்கொண்டிருக்கவில்லை. கோலை ஒரு துண்டில் சுற்றினாள், டாக்டருக்குக் காட்ட வேண்டுமே. மற்றக் கையால் ராக்காயியைப் பிடித்து லோரியில் ஏற்றி, தானும் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். வீரம்மாவையும் பிள்ளையையும் சன்னாசி மோட்டாரில் ஏற்றிக்கொண்டான்.

பத்துமலை யாரையும் இறங்கச் சொல்லவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

லோரி ஈப்போ சாலையில் ஏறியது. சவ ஊர்வலம் போவதுபோல் மெதுவாக ஓட்டினான் பத்துமலை.

"மொத நாளேவா?" என்று கேட்டான் கடைசியில்.

"ஆமா."

"நான் உன் காலைப் புடிச்சு அழுதேனே, அப்பவுமா?"

"அப்பவும்."

"கல்மலையில எல்லார்கிட்டயும் சொன்னேன். சிரிச்சவன் சட்டையைப் புடிச்சேன். நீ வீட்டுல உக்காந்து எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருந்திருக்கே."

ராக்காயி சேலைத் தலைப்பை வயிற்றுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

சாலையோரம் ஒரு கடை வந்தது. முன்னால் நாலைந்து லோரிகள் நின்றன. அங்கே என்ன விற்கும் என்று இருபத்து மூன்று நாளுக்கு முன்பு வரை பத்துமலைக்குத்தான் நன்றாகத் தெரியும். லோரியின் வேகம் இன்னும் குறைந்தது. ஓரம் கட்டினான். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கை கதவுப் பிடியில் இருந்தது.

"அண்ணே, வேணாம்ணே" என்றாள் நவமணி.

அவன் கதவைத் திறந்தான். ஒரு காலைக் கீழே வைத்தான்.

"நவமணி" என்றாள் ராக்காயி. இரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. குரல் மிகவும் சின்னதாக இருந்தது. "பத்து நாளா நல்லா அசைஞ்சிக்கிட்டு இருந்துச்சு. நேத்துப் படுக்கும்போதுகூட உதைச்சுச்சு. காலையிலேருந்து அசையல. யாருகிட்டயும் சொல்லல நான்."

கீழே வைத்த கால் மேலே வந்தது. கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

பத்துமலை ஹாரனில் வைத்த கையை ஈப்போ ஆஸ்பத்திரி வரைக்கும் எடுக்கவில்லை.